சின்சேரோ போகிறவர்களுக்கு: சாயப்பானையும் தறியும்

பெருவின் குஸ்கோ நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் சின்சேரோ. உயரம் 3,700 மீட்டருக்கு மேல். முதல் நாளே சாயம், நெசவுப் பயிற்சியில் உட்கார்ந்தால் தலைவலிதான் மிஞ்சும். குஸ்கோவிலோ அதைவிடத் தாழ்ந்த ஊரிலோ இரண்டு நாள் தங்கிவிட்டுப் போங்கள்.

இங்குள்ள கெச்சுவா (ஆண்டிஸ் மலைப் பூர்வகுடி) பெண்கள் சக்தா என்ற கிழங்கைத் துருவி, அதன் நுரையில் கம்பளி அலசுகிறார்கள். எண்ணெய்ப்பசை மிச்சமிருந்தால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். சிவப்புக்குச் சப்பாத்திக்கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சி: உலர்ந்த ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பூச்சிகள்! (கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையிலும் இதை வளர்க்கப் பார்த்தது, வந்து சேர்ந்தது தரம் குறைந்த வேறு இனம்.) படிகாரம் சேர்த்தால் நிறம் நிலைக்கும். எலுமிச்சைச் சாறு விட்டால் ஆரஞ்சுப் பக்கம் சாயும், சோடா உப்பு போட்டால் ஊதா. இரும்புப் பாத்திரம் வேண்டாம், நிறம் மங்கிவிடும். கொதிக்கும் கம்பளியைக் குளிர்ந்த நீரில் போட்டால் சுருங்கிக் கெட்டியாகும்.

தக்களியில் நூற்ற இரண்டு இழைகளை மறுபடி இறுக்கி முறுக்குவார்கள். துணியின் முகத்தில் தெரிவது பாவு நூல்தான், அதாவது நீளவாட்டில் ஓடும் நூல். முறுக்கு தளர்ந்தால் உராய்ந்து பிசிறி அறும். தறியின் ஒரு முனை கம்பத்தில், மறுமுனை இடுப்புப் பட்டையில். விறைப்பைத் தருவது நெய்பவரின் முதுகு. புதியவர்கள் ஊடையை (குறுக்கு நூலை) அதிகம் இழுப்பதால் துணி போகப்போகக் குறுகும். லாமா எலும்பால் ஊடையைத் தட்டி இறுக்கும் பக்குவம் ஒரு வாரத்தில் வராது.

படம் எடுக்குமுன் கேளுங்கள். பேரம் பேசுமுன், ஒரு சால்வைக்கு எத்தனை நாள் ஆகிறதென்று கேளுங்கள்.