ஜூனியர் கையில் புரோப், சீனியர் கை முதுகுக்குப் பின்னால்

தொப்பூர் கணவாயில் வண்டி கவிழ்ந்து கேஷுவாலிட்டிக்கு வருகிறவருக்கு மூச்சும் நாடியும் பார்த்த கையோடு அடுத்து எழும் கேள்வி, வயிற்றுக்குள் ரத்தம் இருக்கிறதா என்பதுதான். தர்மபுரியில் ஹவுஸ் சர்ஜன்கள் ஜூனியர்களுக்கு ஸ்கேன் சொல்லிக்கொடுப்பதென்றால் ஃபாஸ்டில், அதாவது அடிபட்டவரின் உள்ளே ரத்தம் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கும் அவசர அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தொடங்குவதே நியாயம். எக்கோவெல்லாம் (இதய ஸ்கேன்) பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு மெஷினுக்கு நான்கு பேர் போதும். ஐந்தாமவர் ஃபோன்தான் நோண்டுவார்.

முதலில் கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் இடைப்பட்ட மோரிசன் பை. உடம்பில் வைக்கும் ஸ்கேன் கருவிமுனையான புரோபில் வளைந்த முகம் உள்ளது, டெப்த் 15 செ.மீ. அக்குளின் நடுக்கோட்டில், மார்பெலும்பின் நுனி மட்டத்தில் வைத்து, புரோபின் ஓரத்தில் உள்ள மார்க்கர் குறியைத் தலைப்பக்கம் திருப்ப வேண்டும். குறுக்கே கறுப்புப் பட்டை விழுந்தால் அது விலா எலும்பின் நிழல். புரோபை விலா இடுக்குக்கு இணையாகக் கொஞ்சம் சாய்த்தால் விலகும். படுத்திருப்பவரை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னால் கல்லீரல் கீழே இறங்கி வரும். சிறுநீரகம் தெரிந்ததுமே நிறுத்திவிடுவது ஜூனியர்கள் எல்லோரும் செய்கிற தப்பு. கொஞ்சமாகச் சேர்ந்த ரத்தம் பெரும்பாலும் கல்லீரலின் கீழ் நுனியில்தான் முதலில் தெரியும். அதுவரை புரோபை விசிறிபோல் சாய்த்துப் பார்க்காமல் ‘இல்லை’ என்று சொல்லக் கூடாது.

இடப்பக்கம் இன்னும் மேலே, இன்னும் பின்னால். பிடித்திருக்கும் விரல்முட்டி மெத்தையில் இடிக்கிற அளவுக்குப் போனால்தான் மண்ணீரல் அகப்படும். தண்ணீர் நிறைந்த இரைப்பையை ரத்தம் என்று நினைப்பதும் இங்கேதான்.

இந்த இடத்தில் சீனியருக்குக் கை துறுதுறுக்கும். புரோபை வாங்கி இரண்டு நொடியில் படத்தைக் காட்டிவிட்டால் ஜூனியருக்குப் படம்தான் கிடைக்கும், கை பழகாது. ‘கால் பக்கம் சாய், நகர்த்தாதே, சாய் மட்டும்’ என்று வாயால் சொல்லிப் பழக வேண்டும். சீனியருக்கும் போன வருடம் இதே இடத்தில்தான் சிக்கியிருக்கும். பேராசிரியரைவிட அவர் இதில் ஒரு படி மேல் என்றால் காரணம் அதுதான்.

படுத்திருப்பது சக மாணவர், வயிற்றில் திரவம் இருக்காது. ஒரு மணி நேரம் முன்பு அரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டால், நிறைந்த சிறுநீர்ப்பையைக் காட்டி ‘திரவம் இப்படித்தான் கறுப்பாக இருக்கும்’ என்று கண்ணைப் பழக்கலாம். வார்டில் மகோதரத்தோடு (வயிற்றில் நீர் கோத்து) இருப்பவர் சம்மதித்தால் அது இன்னும் நல்ல பாடம். நண்பனின் பித்தப்பையில் கல் தெரிந்தால் அங்கேயே கத்தாமல் ரேடியாலஜி டாக்டரிடம் தனியாக அனுப்பவும். இதை வகுப்புக்கு முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் தேவைப்பட்ட மாவட்டம் இது. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டு பிசிபிஎன்டிடி சட்டப்படி ஸ்கேன் மெஷின் பதிவு செய்த இடத்தில்தான் இருக்க வேண்டும். ‘ஹாஸ்டலுக்கு எடுத்துப் போய்ப் பழகலாமே’ என்ற பேச்சே வேண்டாம். பொறுப்பு டாக்டரின் அனுமதி, அவர் சொன்ன அறை, அவர் சொன்ன நேரம். கர்ப்பிணிகள் மேல் பழகவே கூடாது.

முடிந்ததும் ஜெல்லை மெல்லிய துணியால் துடைக்கவும். கம்பெனிக் கையேட்டில் அனுமதி இல்லாமல் ஸ்பிரிட் போட்டால் புரோபின் முகம் வெடிக்கலாம். வயரைச் சுருட்டி மாட்டவும். தரையில் கிடந்தால் டிராலிச் சக்கரம் ஏறும். புரோப் கீழே விழுந்தால் ஒலி அலையை உண்டாக்கும் கிரிஸ்டல் உடைந்து, அடுத்த நாள் படத்தில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடு ஓடும். அதை நிழல் என்று நினைத்து அரை மணி நேரம் விலா இடுக்கு தேடுவார்கள்.