பால்மோரலை அக்கரப்பத்தனைக்குத் திருப்பிக் கொண்டுவந்த அனுபவம்

ஒருவழியாக நான் செய்த இணையப் பக்கம் வேலை செய்கிறது. எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டங்களின் பட்டியல், ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடம், ஓபன்-மெட்டியோ என்ற வானிலைச் சேவையின் மழை முன்னறிவிப்பு மூன்றையும் சேர்த்து, தோட்டத்தின் எந்த டிவிஷனில் (பிரிவில்) இன்றிரவு எவ்வளவு மழை என்று ஃபோனிலேயே பார்க்கும்படி செய்திருக்கிறேன். பக்கத்தில் வரைபடம் காட்ட உதவும் லீஃப்லெட் நிரலகத்தில் வரைபடத்தை விரிப்பதும் மழைத் தரவை ஜேசன் (JSON) என்ற தரவு வடிவில் எடுப்பதும் ஒரு மாலை வேலை. உயிரை எடுத்தது தோட்டப் பெயர்கள்தான்.

பட்டியல் ஒரு கந்தோரில் இருந்தது. "கடிதம் கொண்டு வாங்க தம்பி" என்றார் கிளார்க். கொண்டு போனால், கையெழுத்துப் போடும் ஐயா லீவு. பஸ் காசும் நாளும் போனதுதான் மிச்சம். பிறகு ஒருநாள் பென்டிரைவில் போட்டுத் தந்தார். வீட்டில் திறந்தால் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கிறது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய எழுத்துருவான பாமினியில் அடித்த கோப்பு! அதை யுனிகோட் என்ற பொதுக் குறியீட்டுக்கு மாற்றும் கருவியான மாற்றியில் போடுவதற்குமுன் ஒன்றைக் கவனியுங்கள். அட்டவணையின் ஒரே கட்டத்தில் ஆங்கிலப் பெயரும் இருந்தால், மாற்றி அதையும் தமிழென்று எடுத்துக் குதறிவிடும். வேர்ட் கோப்பில் பாமினி எழுத்துருவில் உள்ளதை மட்டும் தனியே பிரித்து மாற்றினால் தப்பலாம்.

அப்புறம் ஆள்கூறு, அதாவது ஒவ்வொரு தோட்டமும் வரைபடத்தில் எங்கே என்று சொல்லும் எண்கள். அந்தக் காலத் துரைமார் தங்கள் ஊர்ப் பெயர்களையே தோட்டங்களுக்கு வைத்துவிட்டார்கள். பெயரை மட்டும் கொடுத்துத் தேடினால் அக்கரப்பத்தனை பால்மோரலும் தலவாக்கலை ஹோலிரூட்டும் ஸ்கொட்லாந்தில் போய் நிற்கின்றன. தேடலை இலங்கைக்குள் கட்டாயம் அடக்குங்கள். பெயரைக் கொடுத்தால் ஆள்கூறு தரும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தேடலான நொமினாட்டிமின் பொதுச் சேவையில் விநாடிக்கு ஒரு கேள்விக்குமேல் அனுப்பக் கூடாது. கிடைத்த விடையைச் சேமித்து வையுங்கள், பக்கம் திறக்கும்போதெல்லாம் கேட்க வேண்டாம். இடத் தரவுக்கான ஜியோஜேசன் வடிவில் நெடுங்கோடு முதலில், லீஃப்லெட்டில் அகலக்கோடு முதலில். வரிசை மாறினால் ஹட்டன் வடதுருவக் கடலுக்குப் போய்விடும்.

மழைத் தரவில் நேர வலயத்தைக் கொழும்பு என்று குறிப்பிடுங்கள். கிரீன்விச் நாள்படி கூட்டினால், அதிகாலை 5.30 வரை பெய்யும் மழை முதல்நாள் கணக்கில் விழும். இரவு மழையால் மண்மேடு சரியுமோ என்று பயந்திருக்கும் லயத்துச் சனத்துக்கு அது சின்னப் பிழை இல்லை.

எல்லாம் சரி என்று நினைத்தபோது, பக்கத்தைப் பார்த்த ஒரு அக்கா, "எங்க தோட்டத்தைக் காணோமே" என்றார். இருந்தது, ஆங்கிலப் பெயரின் தமிழ் உச்சரிப்பில். சனம் கூப்பிடும் பெயர் வேறு. ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவரோடு உட்கார்ந்து, ஒவ்வொரு டிவிஷனுக்கும் பேச்சுப் பெயரைக் கேட்டுப் பட்டியலில் தனி நிரலாக (column) ஏற்றினேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான். இப்போது எந்தப் பெயரைத் தட்டினாலும் வரைபடம் சரியான மலைக்குப் போகிறது.

திருத்திய பட்டியல் வேண்டுவோர் கேளுங்கள், தருகிறேன். யுனிகோடில் இருக்கிறது, கடிதம் தேவையில்லை.