ரீச்சரின் குளப் பாடம்

ரீச்சர் காலமாகிவிட்டார் என்ற செய்தி வட்ஸ்அப்பில் வந்ததும், பழைய மாணவர் சங்க மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். அவருடைய வெள்ளைச் சேலையையும் கறுப்புக் குடையையும், பிரம்பு எடுக்காமலே வகுப்பை அடக்கும் குரலையும் நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்றில்லை. நாலாம் வகுப்புக்கு அவர் நடத்திய குளப் பாடத்தை எங்கள் தலைமுறையோடு போய்விடாதபடி எழுதி வைக்கிறேன். ரொறன்ரோவிலும் லண்டனிலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளில் படிப்பிக்கிறவர்கள் நம்மிடையே பலர். அவர்கள் கையில் இது இருக்க வேண்டும்.

பள்ளிப் பின்மதிலுக்கு அப்பால் இருந்த அந்தக் குளம் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழையில் நிறையும். ஆடியில் வெடித்த சேறாகக் கிடக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழைநீர் கடலுப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்பதால்தான் நம் கிணறுகள் நன்னீர்க் கிணறுகள். அந்த நீரை நிரப்பிக் கொடுப்பவை குளங்கள். ரீச்சர் இதை இரண்டு தடவை படிப்பிப்பார்: முதலாம் தவணையில் நிறைகுளம், இரண்டாம் தவணைக் கடைசியில் வற்றிய குளம். ஒரே இடத்தை இரண்டு முறை பார்க்காத பிள்ளைக்குச் சூழற்றொகுதி (உயிர்களும் அவை வாழும் இடமும் சேர்ந்த அமைப்பு) விளங்காது என்பது அவர் எண்ணம். அது சரியென்றே இன்றும் நினைக்கிறேன்.

நிறைகுளப் பாடம் போத்தலில் தொடங்கும். வாயகன்ற ஹோர்லிக்ஸ் போத்தல் போதும். அடியில் இரண்டு விரற்கடை குளத்துச் சேறு, முக்கால் போத்தலுக்குக் குளத்துத் தண்ணீர், வேலம்பாசி ஒரு சிறு பிடி, சின்ன நத்தை இரண்டு. ஓர் இரவு அசைக்காமல் விட்டால் கலங்கல் அடங்கும். பிறகு வெளிச்சம் உள்ள, ஆனால் வெயில் நேரே விழாத யன்னலோரம். மூடியால் இறுக்கக்கூடாது, மெல்லிய பருத்தித் துணியைக் கட்டினால் காற்றும் போகும், நுளம்பும் முட்டையிடாது. சேற்றைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் எவரும் பணிஸ் வாங்க வரிசையில் நிற்க முடியாது.

போத்தல் பிழைக்கும்போதுதான் பாடம் சூடு பிடிக்கும். நத்தை கூடினால் பாசி மொட்டையாகிவிடும். வெயிலில் வைத்தால் தண்ணீர் சுட்டு, பச்சைக் குழம்பாகும். யாராவது நத்தைக்குப் பசிக்கும் என்று சோறு போட்டால், அதை அழுகவைக்கும் பற்றீரியா பெருகி நீரில் உள்ள ஒக்சிசனைத் தின்று தீர்த்துவிடும். சேறு கறுத்துக் கூழ்முட்டை நாற்றம் வரும். கப்பி மீன் இரண்டு மூன்றை விட்டால், காலையில் அவை நீர்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். பகலில் வெளிச்சத்தில் பாசி ஒக்சிசனை வெளிவிடுகிறது. இரவில் அதுவும் மீனைப் போலச் சுவாசிக்கிறதே தவிர ஒக்சிசனைத் தருவதில்லை. அதனால் விடியப்புறத்தில்தான் தண்ணீரில் ஒக்சிசன் மிகக் குறைவு. ரீச்சர் நாறிய போத்தலைக் கொட்டவிட மாட்டார். தெளிந்த போத்தலுக்குப் பக்கத்தில் வைத்து, "இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? நீங்களே பார்த்துச் சொல்லுங்கோ" என்பார். வெங்காயத் தோட்டத்து உரம் மழையோடு அடித்துக்கொண்டு குளத்துக்கு வந்தால் நடப்பதும் இதே கதைதான். உரத்தில் பாசி பொங்கும், பொங்கிய பாசி செத்து அழுகும், விடியும்போது மீன் மிதக்கும்.

அடுத்தது நூல் விளையாட்டு. பிள்ளைகள் வட்டமாக நிற்க, ஆளுக்கொரு மட்டை: சூரியன், பாசி, ஆம்பல், நத்தை, வாற்பேய் (தவளைக் குஞ்சு), நுளம்புக் குடம்பி (நுளம்புப் புழு), தும்பி அணங்கு (தும்பியின் இளம் பருவம்), கப்பி, விரால், நத்தைகொத்தி நாரை, மாடு, மாட்டுக்கொக்கு, சேற்றுப் பற்றீரியா. முப்பது பிள்ளைகளுக்கு ஒரு பந்து சணல் நூல் வேண்டும். நூல் சூரியனிடம் தொடங்கி, உண்ணப்படுவதிலிருந்து உண்பதற்குப் போகும். கொப்பியில் அம்புக்குறி போடும்போதும் அதே திசைதான். பிள்ளைகள் பெரும்பாலும் மறுபக்கமாகப் போடுவார்கள், நாரையிலிருந்து நத்தைக்கு. சக்தி எங்கிருந்து எங்கே போகிறது என்று கேட்டால் தாங்களே திருத்துவார்கள். இரண்டு விடயங்களில் ஆசிரியர் கவனமாக இருக்க வேண்டும். நூல் தொய்ந்தால் இழுப்பு தெரியாது. எல்லோரும் அரையடி பின்னால் நகர்ந்து அதை விறைப்பாக்க வேண்டும். பிள்ளைகள் உணவைப் பார்க்காமல் தங்கள் சிநேகிதருக்கு நூலை எறிவார்கள், ஒவ்வொரு எறிதலுக்கும் "ஏன்?" என்று கேட்க வேண்டும்.

வலை கட்டி முடிந்தபின் பற்றீரியா மட்டை வைத்திருக்கும் பிள்ளை தனியே நிற்கும். "செத்ததெல்லாம் எங்கை போகுது பிள்ளையள்?" என்று ரீச்சர் கேட்பார். அப்போதுதான் விராலும் நாரையும் மாட்டுச் சாணமும் எல்லாம் அந்தப் பிள்ளையிடம் நூலை நீட்டும். பிறகு ஒருவரை உட்காரச் சொல்வார். தும்பி அணங்கு நூலை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தால், இழுப்பு முதலில் தெரிவது நுளம்புக் குடம்பிக்கு. வானில் பறக்கும் தும்பி தன் குழந்தைப் பருவத்தை நீருக்கடியில் வேட்டையாடிக் கழிக்கிறது. அதன் கீழுதடு முகத்துக்கு அடியில் மடித்த கைபோல இருக்கும். குடம்பி கிட்ட வந்ததும் கண் இமைக்கும் நேரத்தில் நீண்டு பிடிக்கும். தும்பி அணங்கு ஒன்றை வெள்ளைப் பீங்கானில் விட்டு, அந்த உதட்டைக் காணும்வரை ரீச்சர் எங்களைப் பொறுத்திருக்கச் சொல்வார்.

வற்றிய குளத்துக்கு வருவோம். ஆடி வெயிலில் அது செத்த இடம் போலத் தோன்றும். ரீச்சர் வெடிப்புக்குள் கையை விட்டு ஒரு நத்தையை எடுப்பார். ஓட்டின் வாயை அது தன் மூடியால் இறுக அடைத்திருக்கும். குளத்து நத்தைக்குச் செவுளும் உண்டு, நுரையீரல் போன்ற பையும் உண்டு. உடலின் வேலைகளை எல்லாம் மிகக் குறைத்து, மழைவரை சேற்றுக்குள் கிடக்கும். உயிருள்ளது கைக்குப் பாரமாக இருக்கும். செத்தது இலேசாக, மூடி கழன்று, மணக்கும். பாரமானதை இரண்டு விரல் ஆழத் தண்ணீரில் வைத்தால் மெல்ல மூடி திறக்கும். விரால் காற்றைச் சுவாசிக்கக் கூடியது. சேற்றில் ஈரம் உள்ளவரை அதற்குள் புதைந்து தாக்குப்பிடிக்கும். தவளை மண்ணுக்குள் இறங்கும். கொட்டி என்ற நீர்ச்செடியும் ஆம்பலும் இலையைக் கைவிட்டுக் கிழங்காகச் சுருங்கும். நாரையும் கொக்கும் போய்விட்டிருக்கும்.

அங்கே வைத்துத்தான் ரீச்சர் மூதுரைப் பாட்டைச் சொல்லச் சொன்னார். அற்ற குளத்தின் அறுநீர்ப் பறவை உறவல்ல, கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் போல ஒட்டி நிற்பவரே உறவு என்று தமிழ்ப் பாடத்தில் மனப்பாடம் செய்திருந்தோம். ஔவையை அவர் மறுக்கவில்லை. "கொட்டிக்குக் கிழங்கு இருக்கு, அது இருந்து தப்பும். கொக்குக்குக் கிழங்கு இல்லை, அது பறந்து தப்பும். கொக்கு இங்கை நின்றால் செத்துப்போம்" என்றார். திரும்பும் பறவை வெறுங்காலோடு வருவதில்லை என்றும் சொன்னார். அதன் காற்சேற்றிலும் வயிற்றிலும் வேறு குளத்து விதைகளும் சிற்றுயிர்களின் முட்டைகளும் வந்து சேர்கின்றன. டார்வின் ஒரு சிறு குட்டையின் ஓரத்திலிருந்து மூன்று மேசைக்கரண்டி சேற்றை எடுத்து ஆறு மாதம் மூடி வைத்து, முளைத்ததை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எண்ணினார்: 537 செடிகள். 1859 இல் வெளியான அவருடைய நூலில் அந்தக் கணக்கு இருக்கிறது. அவ்வளவும் பறவைக் காலில் ஒட்டக்கூடிய சேறு.

அந்தப் பரிசோதனையின் எளிய வடிவம்தான் ரீச்சரின் சட்டிப் பாடம். குளத்தின் அடியில் ஆழமான இடத்திலிருந்து காய்ந்த மண் இரண்டு பிடி. கட்டிகளை விரலால் உடைக்க வேண்டும்; இடித்து மாவாக்கினால் முட்டைகளும் விதைகளும் நசுங்கும். அகன்ற சட்டியில் பரப்பி, ஒரு லீற்றர் மழைநீர் மெதுவாக ஊற்ற வேண்டும். குளோரின் கலந்த குழாய் நீர் என்றால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பாவிக்கலாம். ஆழமாக ஊற்றினால் அடிவரை வெளிச்சமும் காற்றும் போதாது. சில நாட்களில் துள்ளித் துள்ளி நீந்தும் புள்ளிகள் தெரியும். வில்லைக் கண்ணாடியால் பார்த்தால் காலும் கண்ணும் உள்ள சிற்றிறால் இனங்கள். அவற்றின் முட்டைகள் காய்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கக் கூடியவை. புல்லும் பாசியும் பின்னால் வரும்.

பொல்லாத காலத்தில் எப்படித் தப்புவது என்ற இதே கேள்விக்கு, இங்கே கனடாவின் ஒன்ராறியோக் காடுகளிலும் வேறொரு பதில் இருக்கிறது. அங்குள்ள காட்டுத் தவளை பனிக்காலத்தில் சருகுக்கு அடியில் உறைந்தே போகிறது. உடல் நீரில் பாதிக்கு மேல் பனிக்கட்டியாகி, இதயமும் நின்றுவிடும். ஈரல் வெளியிடும் குளுக்கோசுதான் உயிர்க்கலங்களை உடையாமல் காக்கிறது. வசந்தத்தில் உருகி, பனி கரைந்த குட்டையில் முட்டையிடப் போகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு ஆடி வறட்சியை விளங்கவைக்க நான் கண்ட நல்ல வழி இந்தத் தவளைதான்.

புலம்பெயர்ந்த நம்மையும் பறவைகளோடு சேர்த்துச் சொல்லும் வழக்கம் பழைய மாணவர் சங்கக் கூட்டங்களில் உண்டு. பறவை மழையோடு திரும்பி வருகிறது. குளத்தைத் தூர்வார ஒரு காலத்தில் வீட்டுக்கொரு ஆள் போனது. அந்தச் சேறு தோட்டத்துக்கு எருவானது. அந்த வீடுகளின் ஆட்கள் நாம்தான். தூர் நிரம்பிய குளத்தில் நீர் நிற்கும் காலம் குறையும், ஆம்பலுக்கு முன்னால் புல் வந்துவிடும் என்று ரீச்சர் நமக்குத்தான் படிப்பித்தார்.

ஊருக்குப் போகிறவர்கள் குளத்து மண்ணைக் கனடாவுக்குக் கொண்டுவர எண்ண வேண்டாம். வெளிநாட்டு மண்ணுக்கு இங்கே தடை உண்டு, அந்தத் தடை நியாயமானது: ஒரு பிடி மண்ணில் என்னென்ன இருக்கும் என்று நமக்குத் தெரியும். வேலம்பாசிப் போத்தலையும் இங்குள்ள குளங்களில் கொட்டக்கூடாது. வட அமெரிக்க நீர்நிலைகளில் அது அடங்காமல் படரும் களை.

ரீச்சர் பெயரில் கல்வெட்டு வைப்பது பற்றிப் பேச்சு நடக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பங்கை நாலாம் வகுப்புக்கு ஒதுக்குங்கள் என்பது என் வேண்டுகோள்: அகன்ற சட்டி ஆறு, வாயகன்ற போத்தல் ஒரு டசின், வில்லைக் கண்ணாடி பிள்ளைக்கொன்று, சணல் நூல் ஒரு பந்து. மிச்சம் தூர்வாரும் செலவுக்கு. சட்டிக்கான மண்ணை மட்டும் ஆவணி முடிய முன் அள்ளிவிட வேண்டும். மழை விழுந்து குளத்தில் தண்ணீர் கட்டிவிட்டால் இனி அடுத்த ஆண்டுதான்.