இருபது என்று எழுதிய பதினேழு

மலைப் பனியாறு ஒன்றின் கீழ்ப்பகுதியை மூடிக்கிடக்கும் கல்மண் போர்வைக்கு அடியில் நாளொன்றுக்கு எவ்வளவு பனிக்கட்டி உருகுகிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வின் கேள்வி. ஓரிரு சென்டிமீட்டருக்கும் குறைந்த கனமே உள்ள கல்மண், வெயிலை உறிஞ்சி உருகுதலை விரைவுபடுத்தும். அதற்கு மேல் கனம் கூடக்கூட அதுவே பனிக்குக் கம்பளி ஆகிவிடும். 1959-இல் பனியாற்று ஆய்வாளர் குன்னர் ஆஸ்ட்ரெம் வெளியிட்ட அளவீடுகள் இதைத் தெளிவாகக் காட்டின. நான் தேர்ந்தெடுத்த இடத்தில் போர்வையின் கனம் ஏறத்தாழ 80 செ.மீ.

கணிதத் துறையிலிருந்து வந்தவன் என்பதால், எல்லாம் வெப்பம் பரவுவதை விவரிக்கும் வெப்பச் சமன்பாட்டுக்குள் அடங்கிவிடும் என்று நம்பினேன். குழி தோண்டி, 10, 20, 40 செ.மீ ஆழங்களில் தெர்மிஸ்டர்கள் என்னும் வெப்பநிலை உணரிகளைப் புதைத்து, அரைமணிக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பதியவிட்டேன். பகலில் மேற்பரப்பில் தோன்றும் வெப்ப அலை கீழே இறங்கும்போது அதன் வீச்சு குறைகிறது, உச்சம் பிந்துகிறது. இந்த இரண்டில் எதைக் கொண்டும் கல்மண்ணின் வெப்ப விரவல் திறனை, அதாவது வெப்பநிலை மாற்றம் அதனுள் எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதைக் கணக்கிடலாம். கடத்தல் மட்டுமே நடக்கிறது என்றால் இரண்டும் ஒரே விடையைத் தர வேண்டும். பழைய முறைதான். 1842-இல் ஆல்ப்ஸ் மலையின் மெர் த கிளாஸ் பனியாற்றின் நகர்வை அளந்த ஸ்காட்லாந்து இயற்பியலாளர் ஃபோர்ப்ஸ், எடின்பரோவில் மண்ணுக்கடியில் வெப்பமானிகளையும் புதைத்திருந்தார். அந்தப் பதிவுகளிலிருந்து கெல்வின் பின்னாளில் நிலத்தின் வெப்பக் கடத்துதிறனைக் கணக்கிட்டது இந்த வழியில்தான். பனியாறும் வெப்பமும் அன்று ஒரே மனிதரின் மேசையில் இருந்தன என்பது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

முதல் தடுமாற்றம் எளிதில் தீர்ந்தது. கல்மண்ணை ஒரு செ.மீ கட்டங்களாகப் பிரித்து, வெப்பச் சமன்பாட்டைப் பத்து நிமிடக் காலப்படியுடன் நேரடி முறையில் (ஒவ்வொரு படியையும் முந்தைய படியிலிருந்தே நேராகக் கணக்கிடுவது) கணினியில் ஓடவிட்டபோது, கல்லின் வெப்பநிலை சில மணி நேரத்துக்குள் ஆயிரக்கணக்கான பாகைக்கு எகிறியது. அந்தக் கட்டத்துக்கு அந்த முறை தாங்கும் காலப்படி 83 விநாடிதான். பெரிய காலப்படியிலும் எகிறாத, 1947-இல் வந்த கிராங்க்–நிகல்சன் முறைக்கு மாறியதும் அடங்கியது.

இரண்டாவது தடுமாற்றம்தான் ஏறக்குறைய ஓராண்டைத் தின்றது. 10 முதல் 20 செ.மீ வரையிலான அடுக்கில் விரவல் திறன் விநாடிக்கு 1.2 சதுர மில்லிமீட்டர் என்று வந்தது. 20 முதல் 40 வரை 0.45. அடுத்தடுத்து இருக்கும் ஒரே கல்மண்ணில் இவ்வளவு வேறுபாடா? ஈரப்பதம் மாறுகிறது என்று முடிவுகட்டினேன். ஆழத்தோடு மாறும் விரவல் திறனைப் பதிவுகளிலிருந்து மீட்கும் தலைகீழ்க் கணக்கில் இறங்கி, தீர்வு ஒன்றுதானா, சிறு பிழைக்கு அது எவ்வளவு ஆடும் என்றெல்லாம் பக்கம் பக்கமாக நிறுவினேன். அந்த நிறுவல்கள் தவறில்லை. அவை அங்கே தேவைப்படவில்லை, அவ்வளவே.

ஒரு குழுக் கூட்டத்தில் வெப்ப இயற்பியலாளர் ஒருவர், ஒவ்வொரு அடுக்கிலும் வீச்சும் பிந்தலும் தமக்குள் ஒத்துப்போகின்றனவா என்று கேட்டார். ஒத்துப்போயின. அப்படியென்றால் வெப்பம் கடத்தலால்தான் போகிறது, உங்கள் ஆழத்தைப் பாருங்கள் என்றார். வெட்கமாக இருந்தது. விரவல் திறன் இடைவெளியின் இருமடியைச் சார்ந்தது என்பது நானே எழுதிய சூத்திரம்.

அடுத்த பருவத்தில் மேலே சென்றபோது, மூடிய குழியைக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்தேன். 10-ம் 40-ம் வைத்த இடத்திலேயே இருந்தன. நடு உணரி, தட்டையான ஒரு கல்லின் அடியில், மேற்பரப்பிலிருந்து 17 செ.மீ ஆழத்தில் சொருகிக் கிடந்தது. அதன் கேபிள் மேல்நோக்கி இறுக்கமாக நின்றது. குழியை மூடும் அவசரத்தில் நான்தான் இழுத்திருக்க வேண்டும். உண்மையான 7 செ.மீ இடைவெளியை 10 என்று எடுத்தால் விடை இருமடங்காகும். 23-ஐ 20 என்று எடுத்தால் முக்கால் பங்காகச் சுருங்கும். திருத்திப் போட்டதும் இரண்டு அடுக்குகளும் 0.6-க்கு வந்து நின்றன.

அந்த எண்ணைக் கல்மண்ணின் வெப்பக் கொள்ளளவால் பெருக்கியதில் கடத்துதிறன் மீட்டருக்கும் பாகைக்கும் சுமார் 1 வாட் என்று கிடைத்தது. மேற்பரப்பின் சராசரி 8 பாகை, அடியில் உருகும் பனி 0 பாகை, நடுவே 80 செ.மீ: சதுர மீட்டருக்கு 10 வாட் கீழே இறங்குகிறது. பனிக்கட்டியை உருக்கத் தேவையான உள்ளுறை வெப்பம் கிலோவுக்கு 334 கிலோஜூல் என்ற கணக்கில், நாளொன்றுக்கு 3 மி.மீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பனிக்கட்டி உருகும். பழைய 1.2-ஐ வைத்திருந்தால் இதுவே இருமடங்காகியிருக்கும்.

மழை நாட்கள் மட்டும் பிடிகொடுக்கவில்லை. நீர் கற்களுக்கிடையே இறங்கும்போது வெப்பத்தையும் சேர்த்தே கொண்டுபோகிறது. அன்று வீச்சு ஒரு விடை சொல்கிறது, பிந்தல் வேறொன்று சொல்கிறது. அந்த நாட்களைக் கணக்கிலிருந்து நீக்கினேன். ஆனால் ஆய்வேட்டின் வரைபடத்திலிருந்து அழிக்காமல் சாம்பல் நிறப் பட்டைகளாக விட்டுவைத்தேன். வாய்மொழித் தேர்வில் பாதி நேரக் கேள்விகள் அந்தப் பட்டைகளைப் பற்றியவைதான்.