அன்பு என்று பொருள்படும் ஒரு பெயர்

வருகிற வெள்ளி தங்கச்சியின் மகளுக்கு 31ஆம் நாள். துடக்குக் கழிவோடு பெயரும் வைக்க வேண்டும். கார்த்திகை நட்சத்திரம் என்பதால் அ, இ, உ, எ எழுத்துகளில் தேடுகிறோம். அத்தானுக்கு ஒரே ஆசைதான்: பெயருக்குள் அன்பு இருக்க வேண்டும்.

கனடாவிலிருந்து மச்சாள் அனுப்பியவை ஏமி, அமாண்டா. ஏமி பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, 'அன்புக்குரியவள்'. அமாண்டா லத்தீன், 'நேசிக்கத் தக்கவள்'. ஹீப்ருவில் அஹவா என்றாலே அன்பு. அரபியில் ஹபீபா, ரஷ்யாவில் லியுபோவ். என்ன, இவை இரண்டும் நட்சத்திர எழுத்துக்குள் வராது.

எனக்கு மனதில் நின்றது ஜப்பானியப் பெயரான 'அய்'. ஒரே அசை, பொருள் அன்பு. அதை எழுதும் எழுத்தின் நடுவில், இதயத்தைக் குறிக்கும் இன்னொரு எழுத்து இருக்கிறது. கொப்பியில் எழுதிப் பார்த்தேன். 13 கோடுகள். மூன்றாம் தரம்தான் இதயம் சரியான இடத்தில் வந்தது.

அப்புறம் எங்கள் வீட்டுச் செம்புச் சருவத்தைக் கவனித்தேன். விளிம்பில் அம்மம்மாவின் பெயர் வெட்டியிருக்கிறது. அதற்குள் 'நேசம்' இருக்கிறது! இத்தனை வருடமாகப் புளி போட்டு விளக்கியும் அந்த எழுத்து மங்கவில்லை.

நேசம், பாசம், பிரியம் என்று எங்களிடம் எத்தனை சொற்கள். எனக்கென்றால் 'அன்பினி' நல்லாயிருக்கிறது. அம்மம்மா இப்போதே பிள்ளையை மடியில் போட்டு "அன்பு, என்ரை குஞ்சு" என்றுதான் கூப்பிடுகிறா. 'அ'வில் தொடங்கும் வேறு நல்ல பெயர் தெரிந்தால் வியாழனுக்கு முதல் சொல்லுங்கோ.