கேஜ் ஊசி ஆடுதுங்களா? எர்த்தைப் பாருங்க

பண்ணாரி தாண்டி திம்பம் ஏறினா 27 கொண்டை ஊசி. ஆழியாறுல இருந்து வால்பாறை போனா 40. ஆனா டேஷ்போர்டுல இருக்கிற டெம்பரேச்சர் ஊசி மட்டும் அசையவே அசையாது. நிறைய கார்கள்ல தண்ணி 80 டிகிரியானாலும் 100 டிகிரியானாலும் ஊசி நடுவுலயே நிக்கிற மாதிரிதான் வச்சிருக்காங்க. புதுசா வர்றதுல நிறைய வண்டிக்கு ஊசியே கிடையாது, ஒரு சிவப்பு விளக்குதான். அது எரியறப்போ இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருந்தாலும் ஆச்சரியமில்லை. அதனாலதான் டெம்பரேச்சர், ஆயில் பிரஷர், வோல்ட் கேஜுன்னு தனியா வாங்கி மாட்டறாங்க.

பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு ஆரம்பிங்க. கேஜுக்குப் பின்னாடி பெரும்பாலும் நாலு ஒயர்: இக்னிஷன், எர்த், லைட், சென்டர் (sender, அதாவது இன்ஜின்ல இருந்து சூட்டையோ பிரஷரையோ அளந்து கேஜுக்குச் சொல்ற சென்சார்). நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கூட வர்ற தாளைத்தான் நம்பணும். இக்னிஷன் ஒயருக்கு, சாவி ஆன்ல இருக்கறப்பவும் ஸ்டார்ட் அடிக்கறப்பவும் சப்ளை நிக்கிற லைனைத் தேடுங்க. ஆடியோ சிஸ்டத்து லைன்ல எடுத்தா, ஸ்டார்ட் அடிக்கறப்போ சப்ளை அறுந்து ஊசி விழுந்து எழும். லைன் தேடறதுக்கு மல்டிமீட்டர் மட்டும்தான். பல்பு டெஸ்டரைக் கண்ட ஒயர்ல குத்தாதீங்க. மஞ்சள் கனெக்டர் ஏர்பேக்கோடது, அக்கட்டால இருக்கட்டும். மூணு கேஜுக்கும் சேர்த்து 3 ஆம்பியர் பியூஸ் ஒண்ணு போதும். லைன் எடுக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே போடுங்க. டேஷுக்குள்ள 0.75 சதுர மி.மீ. ஆட்டோ ஒயர் தாராளம். வீட்டு ஒயரை இன்ஜின் பக்கம் இழுக்காதீங்க. சாதாரண பிவிசி 70 டிகிரிக்கானது, அங்கே 105 டிகிரி தாங்கற ஒயர் வேணும். கருப்பு டேப் சுத்தின ஜாயின்ட் சித்திரை வெயில்லயே பிசுபிசுன்னு உரிஞ்சு வந்துடும். சாலிடர் வச்சு ஸ்லீவ் போடுங்க. தகட்டு ஓட்டையில ரப்பர் புஷ் இல்லாம ஒயரை விட்டா, என்னைக்கோ ஒரு நாள் தகடு ஒயரை அறுத்துடும்.

இனி எர்த். கேஜ் தப்புக் காட்டுதுன்னு வர்ற வண்டியில முதல்ல பார்க்க வேண்டியது இதுதான். ஒத்தை ஒயர் சென்டருக்கு எர்த் இன்ஜின் பிளாக்ல இருந்து கிடைக்குது. கேஜுக்கு நீங்க டேஷ் ஸ்க்ரூவுல எடுத்திருப்பீங்க. ரெண்டுக்கும் நடுவுல கால் வோல்ட் வித்தியாசம் வந்தாலே ஊசி நகரும். ஹெட்லைட்டும் ஏசி புளோயரும் போட்டுப் பாருங்க. ஊசி தாவுச்சுன்னா சென்டரை மாத்திப் பிரயோஜனமில்லை. மீட்டரோட ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ்ல வச்சு, இன்னொண்ணைக் கேஜ் எர்த்துல வைங்க. லோடு போட்டும் 0.1 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். அப்புறம் இன்ஜின் பிளாக்லயும் அதே சோதனை. அங்கே கூடுச்சுன்னா பிளாக்குக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற எர்த் பின்னல் பட்டை துருப்பிடிச்சிருக்கும்.

மேல் ரேடியேட்டர் ஹோஸை வெட்டி அடாப்டர் வச்சு சென்டர் மாட்டறவங்க ஒண்ணை மறந்துடறாங்க. ரெண்டு பக்கமும் ரப்பர், அப்புறம் எர்த் எங்கிருந்து வரும்? அடாப்டர் உடம்புல இருந்து தனியா ஒரு ஒயர் பிளாக்குக்குப் போகணும். பிளாக்ல நேரா மாட்டற சென்டருக்கு டெஃப்லான் டேப்பை அள்ளிச் சுத்தினாலும் இதே கூத்துதான்.

மரையும் கவனம். 1/8 என்பிடிக்கு (அமெரிக்க பைப் மரை) அங்குலத்துக்கு 27 மரை, 1/8 பிஎஸ்பிக்கு (பிரிட்டிஷ் பைப் மரை) 28. ஒண்ணுல இன்னொண்ணைப் போட்டா கையில ரெண்டு சுத்து ஏறிட்டு இறுகும், ஸ்பேனர் போட்டா அலுமினியம் விரிசல் விடும். கோயமுத்தூர்ல கணபதி, பீளமேடு பக்கம் லேத்துக்குப் பஞ்சமா? பித்தளையில அடாப்டர் கடைஞ்சு வாங்கிக்கலாம். ஆயில் சென்டரை டீ (T மாதிரி மூணு வாய் இருக்கிற ஜாயின்ட்) போட்டு மாட்டறப்போ கம்பெனி ஆயில் விளக்கு சுவிட்சும் அதுலயே இருக்கட்டும். பெரிய சென்டரைப் பிளாக்ல நேரா தொங்கவிட்டா அதிர்வுல டீ கழுத்து முறிஞ்சு ஆயில் கொட்டும். சின்ன ஹோஸ் வச்சு பாடியில கிளாம்ப் பண்ணி, அதுக்கும் எர்த் ஒயர் குடுங்க.

கேஜும் சென்டரும் ஒரே ஜோடியா வாங்கணும். விடிஓ (VDO) கம்பெனி பிரஷர் சென்டர் 10ல இருந்து 180 ஓம் வரைக்கும் ஏறும், அமெரிக்க வகை 240ல இருந்து 33க்கு இறங்கும். மாத்திப் போட்டா பிரஷர் ஏற ஏற ஊசி இறங்கும்.

வோல்ட் கேஜ் ஓடற இன்ஜின்ல 13.8ல இருந்து 14.4 வரைக்கும் காட்டணும். அரை வோல்ட் குறைச்சலா இருந்தா ஆல்டர்னேட்டரைக் கழட்டறதுக்கு முன்னாடி பேட்டரி முனையில மீட்டர் வச்சுப் பாருங்க. அங்கே சரியா இருந்தா நீங்க எடுத்த இக்னிஷன் லைன்தான் வோல்ட்டைத் தின்னுது. இப்போ வர்ற சில வண்டிகள்ல கம்ப்யூட்டரே சார்ஜைக் குறைக்கும். சமதரையில போறப்போ 12.6 காட்டினா பதறாதீங்க.