புளி மூட்டை

தர்மபுரி பென்னாகரம் ரோட்டில் அப்பா வைத்த மளிகைக் கடையை நான் கவனிக்க ஆரம்பித்து ஒன்பது வருஷமாகிறது. கூப்பிடு தூரத்தில் பெரிய சூப்பர் மார்க்கெட் திறந்த அன்று அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

சோப்பு, பேஸ்ட், ஷாம்பூ வியாபாரம் பெரும்பாலும் அங்கே போய்விட்டது. ஏஜென்சிக்காரர் எனக்குப் போடும் விலையைவிடக் குறைவாக அங்கே சில்லறைக்கே தருகிறார்கள். ஆறு மாதம் நானும் விலையைக் குறைத்து மல்லுக்கட்டினேன். நூறு ரூபாய்க்கு எட்டு ரூபாய் நிற்கும் சரக்கில் ஐந்தை விட்டுவிட்டால் கரண்ட் பில்லுக்கு எங்கே போவது? 2025 செப்டம்பர் 22-ல் இவற்றுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. வாங்குகிறவர்களுக்கு நல்லதுதான், எனக்கும் சந்தோஷம். ஆனால் 18 கட்டி வாங்கிய சரக்கு அலமாரி நிறைய இருந்தது. நான் ஜிஎஸ்டி பதிவு செய்யாத கடை (வருஷ வியாபாரம் 40 லட்சத்துக்குள்தான்), அதனால் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. மறுநாள் காலையிலேயே, "அக்கா, விலை குறைஞ்சிருச்சாமே" என்று வந்தவர்களுக்குக் கைக்காசு போட்டுத்தான் கொடுத்தேன்.

கடையைத் தாங்கி நிற்பது புளி.

தை பிறந்தால் அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் புளி உலுக்குவார்கள். பங்குனி வரை புதுப்புளி வரும். ஓடு உடைத்து, நார் உருவி, கொட்டை தட்டி எடுப்பதெல்லாம் பெண்கள் கை வேலை. அப்பா காலத்திலிருந்து அதே மூன்று வீடுகளில்தான் வாங்குகிறோம். ஒரு சுளையை விரலில் நசுக்கினால் பிசுபிசுவென்று ஒட்ட வேண்டும், ஈரம் கசியக் கூடாது. எடைக்காகத் தண்ணீர் தெளித்த புளி ரெண்டு மாதத்தில் பூஞ்சை பிடித்துவிடும். பாக்கெட்டில் வரும் புளியை இப்படி நசுக்கிப் பார்க்க முடியாது. சித்தேரி மலைச் சாமை, நாட்டுக் கேழ்வரகு எல்லாமே இப்படித்தான். கையில் அள்ளிப் பார்த்து வாங்குகிற சரக்கு. பெங்களூரில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறும்முன் வந்து கட்டி வாங்கிப் போகிறார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள், சனிக்கிழமை ராத்திரியே எடை போட்டு வைத்துவிடுகிறேன்.

கஷ்டம் முதலில்தான். வருஷம் முழுக்க விற்கப்போகும் புளியை ரெண்டு மூன்று மாதத்துக்குள் ரொக்கம் கொடுத்து வாங்கியாக வேண்டும். கடன் நோட்டிலோ கட்டடவேலைக்குப் போகும் முப்பது வீடுகளின் கணக்கு நிற்கிறது. அவர்கள் சனிக்கிழமை கூலி வாங்கியதும் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள், ஏமாற்றியவர்கள் மிகக் குறைவு. ஆனாலும் அந்தப் பணம் என் கையில் இல்லாத பணம். அதனால் தைக்குத் தை என் வளையல் அடகுக்குப் போய்வந்தது. போன வருஷம், சிறு வியாபாரிகளுக்கான முத்ரா கடன் திட்டத்தில் 'சிசு' என்ற சின்னக் கடன் 50,000 ரூபாய் கேட்டு வங்கிக்குப் போனேன். அதற்கு அடமானம் கிடையாது. கடைக்கு வரும் பணம் யூபிஐ வழியாக வங்கிக் கணக்கில் தினமும் ஏறியிருந்ததால், வியாபாரம் நடக்கிறது என்று காட்ட அந்தக் கணக்கே போதுமானதாக இருந்தது. கல்லாவில் மட்டும் போட்டிருந்தால் எதைக் காட்டியிருப்பேன்? வளையல் இந்த வருஷம் கையிலேயே இருக்கிறது.

ஐப்பசி மழையில் பின்கட்டில் ஈரம் ஏறி ரெண்டு மூட்டை கறுத்துப்போனது. அடுத்த தைக்குள் அங்கே ஓடு மாற்றி, தரைக்குப் பலகை அடிக்க வேண்டும். தச்சரை வரச் சொல்லியிருக்கிறேன்.